தெருக்கோடிப் பள்ளியா, வேன் ஏறிப் போகும் பள்ளியா?

சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். கடிதத்தின் சுருக்கம் இது.

மகளுக்கு வருகிற மே மாதம் ஐந்து வயது முடிகிறது. இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள். ஜூனில் ஒன்றாம் வகுப்பு. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. மொத்தம் 34 பிள்ளைகள், தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஆங்கில வழித் தனியார் பள்ளி ஒன்று. ஆண்டுக் கட்டணம் 28,000 ரூபாய், வேனுக்கு 9,600. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. "என்னைய மாதிரி இங்கிலீஷ் தெரியாம என் பிள்ளை நிக்கக் கூடாது" என்கிறார். கடிதம் எழுதியவர் வீட்டில் பீடி சுற்றுகிறார். முதல் தவணைக்கு நகையை அடகு வைக்கலாமா என்று யோசனை. மாமியாரின் பேச்சு வேறு: "அந்தப் பள்ளிக்கூடத்துல இப்பம் கீழத்தெருப் பிள்ளைகதான் படிக்கு. நம்ம தெருவுல இருந்து ஒரு பிள்ளை போவுதா?"

இவருடைய கேள்விகள்: ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் போதுமா? தமிழ் வழியில் போட்டால் பின்னால் கஷ்டப்படுவாளா? தனியார் பள்ளியில் இலவச இடம் கிடைக்குமா? அரசுப் பள்ளிச் சலுகைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே அங்கே படித்திருக்க வேண்டுமா? இடையில் மாற்ற முடியுமா? பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை, என்ன செய்வது?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவர் சொன்னது இருக்கிறது, அத்தை சொன்னது இருக்கிறது, பக்கத்து வீட்டு மதினி சொன்னதுகூட இருக்கிறது. நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தது என்று ஒரு வரிகூட இல்லை. அந்தத் தெருக்கோடிப் பள்ளிக்குள்ளும் நீங்கள் காலெடுத்து வைக்கவில்லை, வேன் போகும் பள்ளிக்குள்ளும் போகவில்லை. ஐந்து ஆண்டுக்குக் கட்டணமும் வேனுமாக 1,88,000 ரூபாய், கட்டணம் ஏறாவிட்டால். அவ்வளவு பணத்தைக் கட்டுவதா வேண்டாமா என்பதைச் செவிவழிச் செய்தியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

"உள்ளே விடமாட்டார்களாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? தலைமையாசிரியரிடம் போய், "ஜூன்ல பிள்ளையைச் சேர்க்கலாம்னு இருக்கேன், ஒரு நாள் காலையில இருந்து பார்க்கலாமா" என்று கேளுங்கள். 34 பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஒரு சேர்க்கை என்பது அவருக்குப் பெரிய விஷயம். தனியார் பள்ளியிலும் இதையே கேளுங்கள். அங்கே வரவேற்பறையையும் கம்ப்யூட்டர் அறையையும் மட்டும் காட்டி அனுப்பினால், அதிலும் உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது.

எதைப் பார்ப்பது?

ஆண்டு விழா, கொடியேற்றம் மாதிரி நாளில் போகாதீர்கள். சாதாரணமான ஒரு செவ்வாயோ புதனோ போங்கள். இரண்டு ஆசிரியரும் வந்திருக்கிறார்களா, இறைவணக்கம் முடிந்து எவ்வளவு நேரத்தில் பாடம் தொடங்குகிறது என்று கவனியுங்கள்.

ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பதற வேண்டாம். அது ஆள் பற்றாக்குறையால் மட்டும் நடப்பதில்லை. 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல், அவர்கள் எட்டியிருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: போன ஜூனில் அரும்பில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இப்போது மேலே போயிருக்கிறார்கள்? நல்ல ஆசிரியருக்கு இதற்குப் பதில் நாக்கு நுனியில் இருக்கும், பெயர் பெயராகச் சொல்வார்.

பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தமிழ் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதியது மட்டும்தான் இருக்கிறதா, பிள்ளை தானாக எழுதிய வாக்கியம், பிழையோடாவது, எங்கேயாவது இருக்கிறதா? ஆசிரியர் திருத்திய தேதிகள் வாராவாரம் இருக்கின்றனவா, அல்லது ஒரே நாளில் பத்துப் பக்கத்துக்குச் சிவப்பு மையில் டிக் போட்டிருக்கிறதா? பள்ளியைப் பற்றி அந்த நோட்டு சொல்வதை எந்த விளம்பரத் தட்டியும் சொல்லாது.

அடுத்தது வாசிப்பு. இதை வகுப்பில் போய்ச் செய்யாதீர்கள், பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். சாயங்காலம் தெருவில் விளையாடும் பிள்ளைகளை வைத்தே பார்க்கலாம். ஒன்றியப் பள்ளியில் மூன்று, நான்காம் வகுப்பு படிக்கும் நாலைந்து பேரிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் 'அசர்' ஆய்விலும் இரண்டாம் வகுப்புப் பாடம்தான் உச்ச அளவுகோல். படித்து முடித்ததும், "இதுல என்னட்டி சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். 52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். அப்புறம் வேனில் போகும் அதே வயதுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவர்களுடைய ஆங்கிலப் புத்தகத்தில் இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, அதன் பொருளைத் தமிழில் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. புரிந்து படித்த பிள்ளை கதை சொல்லும், புரியாத பிள்ளை மேலே பார்க்கும். தமிழிலும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு பள்ளிக்கும் ஒரே அளவுகோலாக இருக்கட்டும். அங்கே கட்டடத்தையும் இங்கே படிப்பையும் பார்த்தால் கணக்கு ஒட்டாது.

கழிப்பறைக்குப் பதினொரு மணி வாக்கில் போங்கள். தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா. பெண்பிள்ளை என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டடத்தைப் பொறுத்தவரை, ஒன்றியப் பள்ளி என்றாலே இடிந்து விழும் என்ற பயம் வேண்டாம், தனியார் என்றாலே உறுதி என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2021 டிசம்பரில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தது நம் திருநெல்வேலி நகருக்குள், பெயர்பெற்ற ஒரு பழைய பள்ளியில்தான். இரண்டு இடத்திலும் கட்டட உறுதிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். தனியார் பள்ளியில் கூடவே அங்கீகாரம் எந்த ஆண்டு வரை என்பதையும் கேளுங்கள். எந்த வகுப்பு வரை அங்கீகாரம் என்பதும் அதில் இருக்கும்.

இரண்டு ஆசிரியர் போதுமா?

சட்டக் கணக்கில் போதும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. உங்கள் ஊரில் ஒரு ஆசிரியருக்கு 17 பிள்ளைகள். தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு எத்தனை பேர், போன ஜூனில் வகுப்பெடுத்த ஆசிரியை இன்றும் இருக்கிறாரா, அவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியரும் வகுப்பாசிரியர்தான். அவர் வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குப் போனால், பயிற்சிக்குப் போனால், வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போனால், மிச்சமிருக்கும் ஒருவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். அன்று பாடம் நடப்பது கஷ்டம். அதனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் தாயிடம் கேளுங்கள்: போன மாதம் எத்தனை நாள் இரண்டு பேரும் இருந்தார்கள்? ஒருவர் நீண்ட விடுப்பில் போனபோது மாற்று ஆள் வந்தாரா? பெற்றோர் போராடித்தான் வந்தாரா?

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். இவ்வளவு சிறிய பள்ளியில் எல்லாமே ஆளைப் பொறுத்தது. நல்ல டீச்சர் ஒருவர் மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டால் அடுத்த ஆண்டு அது வேறு பள்ளி. மோசமானவர் போனாலும் அப்படியே. ஆகவே இந்த முடிவை ஐந்து ஆண்டுக்கு எடுக்காதீர்கள். ஆண்டுக்கொரு முறை பிப்ரவரியில் உட்கார்ந்து திரும்பப் பாருங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பல ஊர்களில் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் 34 பிள்ளைகள் உள்ள பள்ளியில் நாலு தாய்மார் சேர்ந்து ஒரு தீர்மானம் எழுதி, அதையே கிராம சபையிலும் வைத்தால் ஒன்றிய அலுவலகம் அதைத் தள்ளிவைப்பது கடினம். கட்டணம் கட்டும் இடத்தில் உங்களுக்கு இந்தப் பிடி கிடையாது.

ஆங்கிலமும் சலுகைகளும்

உங்கள் கணவரின் ஆதங்கம் நியாயமானது. அதைத் தமிழ்ப்பற்றுப் பேசி நான் தள்ளிவிடப் போவதில்லை. ஆனால் அவர் கேட்பது ஆங்கிலம். ஆங்கில வழி என்பது வேறு. தமிழ் வழியிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் ஒரு பாடம். வீட்டில் யாரும் பேசாத மொழியில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கணக்கையும் சூழ்நிலையியலையும் நடத்தினால், பாடமும் புரியாது, மொழியும் வராது, மனப்பாடம்தான் மிஞ்சும். ஒரு மொழியில் சரளமாக வாசிக்கப் பழகிய பிள்ளை இரண்டாவது மொழியை வேகமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒன்றியப் பள்ளியில் ஆங்கில வகுப்பு எப்படி நடக்கிறது என்று தனியாகப் பாருங்கள். பிள்ளைகள் வாய்திறந்து இரண்டு வாக்கியம் பேசுகிறார்களா? டீச்சர் பேசுகிறாரா? இல்லை என்றால் அது குறைதான், அதை ஈடுகட்ட வீட்டில் வழி தேட வேண்டும்.

ஒன்றியப் பள்ளிகளில் சிலவற்றில் ஆங்கில வழிப் பிரிவும் உண்டு. ஈராசிரியர் பள்ளியில் அது பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில்தான் தனியாக இருக்கும்; அதே அறை, அதே டீச்சர். பெயருக்காக அதில் சேர்க்குமுன் ஒரு விஷயம் யோசியுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறதே, 2020-ல் வந்த திருத்தத்தின்படி அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இப்போது போடும் ஒரு டிக் இருபது ஆண்டு கழித்துக் கேட்கப்படும்.

மற்ற அரசுப் பள்ளிச் சலுகைகளில் உங்களுக்குக் குழப்பம் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு, கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், இரண்டுக்கும் பார்ப்பது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாள் என்பதைத்தான். தொடக்கப் பள்ளியை எங்கே படித்தாள் என்பது அங்கே கணக்கில் இல்லை. அதை நினைத்து இப்போது எந்தப் பக்கமும் சாய வேண்டாம்.

தனியார் பள்ளி இலவச இடம் பற்றி: ஊரில் அரசுப் பள்ளி இருந்தால் கிடைக்காது என்று யாரோ சொன்னது தமிழ்நாட்டு விதி அல்ல. ஆனாலும் உங்களுக்கு அது எட்டுவது கடினம். கல்வி உரிமைச் சட்டம் தரும் 25 சதவீத இலவச ஒதுக்கீடு பள்ளியின் தொடக்க வகுப்புக்குத்தான், அங்கே எல்.கே.ஜி. இருந்தால் இடம் எல்.கே.ஜி.யிலேயே நிரம்பிவிடும். வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், நீங்கள் இருப்பது ஒன்பதில். போதாக்குறைக்கு, நம் பக்கத்தில் பெயர்பெற்ற பள்ளிகளில் பல சிறுபான்மை நிர்வாகத்தில் உள்ளவை. 2014-ல் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிட்டது.

நீங்கள் எண்ணாத மூன்றாவது பள்ளி

பக்கத்து ஊர் தேவாலயத்தை ஒட்டி ஒரு பள்ளி இருப்பதாகப் போகிற போக்கில் எழுதி, "அது அவங்க பிள்ளைகளுக்கு, ஃபீஸும் இருக்கும்" என்று கடந்துவிட்டீர்கள். அதை விடாதீர்கள். திருநெல்வேலிச் சீமையில் டி.டி.டி.ஏ. (சி.எஸ்.ஐ. சபை), ஆர்.சி. (கத்தோலிக்க சபை) தொடக்கப் பள்ளிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பெரும்பாலானவை அரசு உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது, தமிழ் வழியில் கல்விக் கட்டணம் கிடையாது, எந்த மதத்துப் பிள்ளையும் சேரலாம். பாடப் புத்தகம், மதிய உணவு எல்லாம் உண்டு. காலை உணவுத் திட்டமும் 2024 ஜூலையிலிருந்து ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. கேட்க வேண்டியது: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, அதில் காலி எத்தனை? நிர்வாகம் தன் காசில் ஆள் வைத்திருக்கிறதா? நம்மூர்ப் பிள்ளை யாராவது அங்கே போகிறதா, வழியில் பெரிய ரோட்டைக் கடக்க வேண்டுமா?

அத்தையின் பேச்சு

இதை எழுதும்போது உங்களுக்கே சங்கடமாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். சங்கடப்பட்டது நல்லது. அத்தை சொன்னது பள்ளியின் தரத்தைப் பற்றியே அல்ல, சாதியைப் பற்றி. மேலத்தெரு வேனில் ஏறிப் போகப் போகத்தான் பள்ளியில் 34 பேர் மிஞ்சியிருக்கிறார்கள். அப்புறம் 34 பேர்தான் என்று அதையே குறையாகச் சொல்கிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப்படித்த மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. அந்த வயதில் சாதி வெறி திடீரென்று முளைக்கவில்லை. யாரோடு சோறு உண்ணலாம், யாரோடு கூடாது என்று ஐந்து வயதில் வீட்டில் கேட்டுப் பழகியது அது. கீழத்தெருப் பிள்ளையோடு ஒரே பாயில் உட்கார்ந்து உப்புமா சாப்பிடுவதால் உங்கள் மகளுக்குக் குறையப்போவது ஒன்றும் இல்லை.

பள்ளிக்குள் சாதி இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அத்தை நினைக்கிற திசையில் அல்ல. கூட்டுவது யார், தண்ணீர் எடுத்து வருவது யார், டீச்சர் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், யாரை "ஏலே" என்கிறார் என்று கவனியுங்கள். பிரம்பு கண்ணில் பட்டாலும் குறித்துக்கொள்ளுங்கள். அடிப்பது சட்டப்படி குற்றம், அது எந்தப் பள்ளியானாலும். புகாருக்கு 14417, குழந்தைகளுக்கு என்றே 1098.

சரி, என்ன செய்யலாம்?

என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன். நகையை அடகு வைக்காதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை காலை ஏழரைக்கு வேன் ஏறி ஊர் ஊராகச் சுற்றிப் போய்ச் சேர்வதில் போகும் தூக்கமும் விளையாட்டும் ஒரு கட்டணம்தான், ரசீதில் வராது. (அனுப்புவதாக முடிவு செய்தால், வேனில் உதவியாளர் இருக்கிறாரா என்று பாருங்கள், 2012 பள்ளி வாகன விதிகளில் அது கட்டாயம். ஆம்னி வேனில் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போவதற்கு ஒத்துக்கொள்ளவே வேண்டாம்.) பார்த்த வரையில் ஒன்றியப் பள்ளியில் இரண்டு ஆசிரியரும் ஒழுங்காக வருகிறார்கள், நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறார்கள், கழிப்பறை தேறும் என்றால், முதல் இரண்டு ஆண்டு அங்கேயே போடுங்கள். ஆசிரியர் பாதி நாள் இல்லை, நான்காம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள் என்றால் வேண்டாம். அடுத்து அந்த உதவிபெறும் பள்ளியைப் பாருங்கள். அதுவும் தேறவில்லை என்றால்தான் வேனைப் பற்றிப் பேச வேண்டும், அதுவும் கணவர் சம்பளத்திலிருந்து கட்ட முடிகிற அளவுக்கு. ஒன்றாம் வகுப்பில் அவளோடு எத்தனை பேர் சேர்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் ஒருத்திதான் என்றால், பள்ளி நன்றாக இருந்தாலும் நான் தயங்குவேன். அந்த வயதில் கூட்டாளி வேண்டும்.

மாற்ற முடியுமா என்றால், முடியும். ஆண்டின் நடுவிலும் மாற்றலாம். மாற்றுச் சான்றிதழ் தாமதமானது என்பதற்காக அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்க மறுக்க முடியாது. கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. காகிதத்தில் சிரமம் குறைவு, பிள்ளைக்குத்தான் சிரமம். இரண்டாம், மூன்றாம் வகுப்புக்குள் மாற்றினால் சமாளித்துக்கொள்வாள். ஆங்கில வழியில் நான்கு ஆண்டு படித்து, பணம் கட்ட முடியாமல் ஐந்தாம் வகுப்பில் தமிழ் வழிக்கு வரும் பிள்ளைதான் ரொம்பத் திணறும், அதற்குள் தமிழும் சரியாக வந்திருக்காது.

கணவரிடம் போனில் வாதாட வேண்டாம். சாயங்காலம் தெருவில் பிள்ளைகள் வாசிப்பதை, அவர்கள் வீட்டில் கேட்டுவிட்டு, குரல் பதிவாக அனுப்புங்கள், இரண்டு பள்ளிப் பிள்ளைகளையும். ஊருக்கு வரும்போது அவரையும் ஒரு நாள் பள்ளிக்குக் கூட்டிப் போங்கள்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஜூலை 31-க்குள் ஐந்து முடிந்தால் நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்றாம் வகுப்புக்குச் சேர்த்துக்கொள்வார்கள். வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. ஆனாலும் சான்றிதழில் பெயரை இப்போதே ஏற்றிவிடுங்கள். பிறந்து ஓராண்டு தாண்டிவிட்டதால் சிறு தாமதக் கட்டணம் இருக்கும். பிறப்பு எங்கே பதிவாகியிருக்கிறதோ, ஆஸ்பத்திரியோ பேரூராட்சியோ, அந்தப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். இனிஷியலையும் எழுத்தையும் ஆதாரில் உள்ளபடியே கொடுங்கள். அதில் பிசகினால் பள்ளியின் இணையப் பதிவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று ஆகி, அதைச் சரிசெய்ய அலையும் வேலை உங்கள் தலையில்தான் விழும்.